முதலில் பிரேக், பிறகு பட்டை

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் தேசிய நெடுஞ்சாலை 44இல் தொப்பூர் கணவாய் இருக்கிறது. பெங்களூரு பக்கமிருந்து பாரம் ஏற்றி வரும் லாரிகள் கட்டமேட்டைத் தாண்டி இரட்டைப்பாலம் வரை இறங்கும் அந்தச் சில கிலோமீட்டர்தான் லாரித் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் பயந்து கடக்கும் இடம். 2020 டிசம்பரில் அங்கே கட்டுப்பாட்டை இழந்த ஒரு சரக்கு லாரி, முன்னால் நின்றிருந்த பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் மீது மோதியதில் 4 பேர் இறந்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் அதே இறக்கத்தில் விபத்துகள் நடந்துகொண்டேதான் இருக்கின்றன.

இறக்கத்தில் பிரேக் கைவிடுகிறது என்றால், அதற்கான காரணம் பெரும்பாலும் பல வாரங்களுக்கு முன்பே பட்டறையில் உருவாகியிருக்கும். தேய்ந்த லைனர், தண்ணீர் வடிக்காத ஏர் டேங்க், டைட் வைக்காத ஸ்லாக் அட்ஜஸ்டர் என்று அடுத்த டிரிப்புக்குப் பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கிவைத்த வேலைகள்தான் அவை. சமதள ரோட்டில் இந்தக் குறைகள் வெளியே தெரியாது. நெடிய இறக்கத்தில்தான் எல்லாம் ஒரே நேரத்தில் வெளிப்படும்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் இன்றும் ஓடும் பழைய டாடா 1613, லேலண்ட் டாரஸ் 2516 போன்ற வண்டிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது இந்த அத்தியாயம். மாடல் எண்ணிலேயே வண்டியின் கதை ஓரளவு இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் மொத்த எடையைத் தோராயமாக டன்னில் சொல்லும். அடுத்த இரண்டைப் பத்தால் பெருக்கினால் குதிரைத்திறன் கிடைக்கும். 1613 என்றால் பாரத்தோடு சேர்த்து 16 டன், 130 குதிரைத்திறன். இவற்றில் பல இரண்டாம் கை, மூன்றாம் கை மாறியவை. எந்த உரிமையாளர் எதை மாற்றினார், எந்தப் பட்டறையில் எத்தனை ஸ்பிரிங் பட்டை கூடுதலாகச் சேர்த்தார் என்பதற்கு எழுத்தில் எந்தக் கணக்கும் இருக்காது. அதனால் பழைய வண்டியை வாங்கியவரின் முதல் வேலை, அது கம்பெனியிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அந்த நிலைக்குத் திருப்புவது. மேம்பாடு என்பது அதற்குப் பிறகு வரும் பேச்சு.

தினசரி வேலை

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் 15 நிமிடம் ஒதுக்கினால் பாதிச் சிக்கல்கள் வழியில் வராது. இன்ஜின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், ஃபேன் பெல்ட், டயர் காற்று ஆகியவற்றை எல்லா டிரைவர்களும் பார்க்கிறார்கள். அதிகம் விட்டுப்போவது இரண்டு. ஒன்று, டீசல் ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் தண்ணீர் பிரிப்பானைத் திறந்து வடிப்பது. இன்னொன்று, ஏர் டேங்க் வால்வைத் திறந்து தண்ணீர் விடுவது.

ஏர் டேங்க்கில் தண்ணீர் எப்படி வருகிறது? கம்ப்ரஸர் வெளிக்காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் டேங்க்கில் குளிர்ந்து நீராகிறது. மழைக்காலத்தில் இது இன்னும் அதிகம். தேங்கிய நீர் வால்வுகளைத் துருப்பிடிக்க வைக்கும், ரப்பர் பாகங்களைக் கெடுக்கும், காற்றுக்கான இடத்தையும் பிடித்துக்கொள்ளும். வடிக்கும்போது தண்ணீரோடு கறுப்பு எண்ணெய் வந்தால் கம்ப்ரஸரின் பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் தள்ளுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணெய் பிரேக் வால்வு வரை போவதற்கு முன் கம்ப்ரஸரைப் பிரிப்பதே சிக்கனம்.

காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, காற்றை முழு அளவுக்கு ஏற்றி, இன்ஜினை நிறுத்திவிட்டு, பிரேக் பெடலை முழுதாக மிதித்தபடி மீட்டரைப் பார்த்தால் போதும். முதல் இறக்கம் நின்ற பிறகு ஒரு நிமிடத்தில் 0.2 பாருக்கு மேல் குறைந்தால் எங்கோ கசிகிறது. சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் பூசினால் குமிழி இடத்தைக் காட்டிவிடும். மிதிக்காமல் இருக்கும்போது நிற்கும் காற்று, மிதித்தால் மட்டும் குறைகிறது என்றால் பெரும்பாலும் பிரேக் சேம்பரின் டயாஃப்ரம் கிழிந்திருக்கும்.

கிரீஸ் அடிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாரம் அழுத்தியபடி நிற்கும் வண்டியின் ஷேக்கிள் பின்னுக்கு கிரீஸ் அடித்தால், அழுத்தம் இருக்கும் பக்கத்துக்கு கிரீஸ் போகாது. சேஸிஸை ஜாக்கியால் சற்றுத் தூக்கி, பட்டையின் மேலுள்ள சுமையை எடுத்துவிட்டு அடித்தால்தான் பின்னைச் சுற்றி முழுதும் பரவும். பழைய கிரீஸ் வெளியே வந்து புது கிரீஸ் தெரியும் வரை அடிக்க வேண்டும். ஹப் பேரிங்குக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே அளவுக்கு மேல் திணித்தால் சூட்டில் உருகி சீலைத் தாண்டி லைனர் மேல் வழியும்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி முறுக்குவது, ஒரே அச்சில் ரேடியலையும் நைலான் டயரையும் கலக்காமல் இருப்பது ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. தெரிந்தும் செய்யாமல் விடப்படுபவையும் இவைதான்.

பிரேக்: அரை மில்லிமீட்டரின் கதை

பாரத்தோடு 16 டன் இருக்கும் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது ஏறத்தாழ 1.6 கோடி ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. அதை இன்ஜின் வாங்கிக்கொள்ளாவிட்டால் முழுவதும் பிரேக் டிரம்களில்தான் சூடாக மாற வேண்டும். ஒவ்வொன்றும் 50 கிலோ என்று நான்கு டிரம்களை வைத்துக் கணக்குப் போட்டால், காற்றில் ஆறுவதைச் சேர்க்காமல் பார்த்தால், அந்த 100 மீட்டரிலேயே டிரம்மின் வெப்பநிலை 170 டிகிரிக்கு மேல் கூடிவிடும். அடுத்த 100 மீட்டரில் இன்னொரு 170.

சூடான இரும்பு விரியும். 410 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் 250 டிகிரி சூடேறினால் விட்டம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பெருக்கிறது. அதாவது ஒவ்வொரு லைனரிலிருந்தும் டிரம் அரை மில்லிமீட்டர் விலகிப்போகிறது. கேட்கச் சிறிதாக இருக்கும். ஆனால் சேம்பரின் புஷ் ராடை கேமோடு இணைக்கும் ஸ்லாக் அட்ஜஸ்டரின் கை நீளம் சுமார் 150 மில்லிமீட்டர், எஸ் வடிவ கேமின் செயல் ஆரமோ 12 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கிறது. ஆகவே லைனருக்கும் டிரம்முக்கும் இடையே கூடும் அரை மில்லிமீட்டரை ஈடுசெய்ய, சேம்பரிலிருந்து வரும் புஷ் ராடு 6 மில்லிமீட்டர் கூடுதலாக வெளியே வந்தாக வேண்டும்.

30 என்று எண் போட்ட சேம்பரின் டயாஃப்ரம் பரப்பு 30 சதுர அங்குலம். 7 பார் காற்றில் அது 1,300 கிலோவுக்கு மேல் தள்ளும். புஷ் ராடு 50 மில்லிமீட்டர் வரை வெளியே வரும்போது இந்த விசை ஓரளவு நிலையாக இருக்கும். அதைத் தாண்டினால் மளமளவென்று குறையும். 64 மில்லிமீட்டர் அளவில் உள்ளே தட்டு முட்டிக்கொள்ளும், பிறகு எவ்வளவு மிதித்தாலும் பயனில்லை. ஷெட்டில் குளிர்ந்த நிலையில் 48 மில்லிமீட்டர் இருந்த வண்டி மீட்டரில் முழுக் காற்றைக் காட்டும், கிளம்பும்போது நன்றாகவே பிடிக்கும். அதே வண்டி கணவாயின் பாதியில் நிற்காமல் போவதற்கு இந்தக் கணக்கே காரணம். 24, 20, 16 எண் சேம்பர்களுக்கு வரம்பு இன்னும் குறைவு, 45 மில்லிமீட்டர்தான்.

அளக்கும் முறை எளிது. சமதளம், சக்கரத்துக்குக் கட்டை, பார்க்கிங் பிரேக் விடுவிப்பு, காற்று 6 முதல் 7 பார், இன்ஜின் நிறுத்தம். சேம்பரின் முகத்தை ஒட்டி புஷ் ராடில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். இன்னொருவர் பெடலை முழுதாக மிதித்துப் பிடிக்க, கோடு எவ்வளவு தள்ளி வந்தது என்று ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாச் சக்கரத்துக்கும் அளந்து ஒரு நோட்டில் எழுதிவைப்பது நல்லது. ஒரே அச்சின் இடமும் வலமும் வேறுபட்டால் மிதித்தவுடன் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கையால் டைட் வைக்கும் அட்ஜஸ்டரில், சக்கரத்தைத் தூக்கி, லைனர் டிரம்மைத் தொடும் வரை முறுக்கி, பிறகு கால் முதல் அரைச் சுற்று பின்னால் விட்டு, சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று கையால் சுற்றிப் பார்ப்பது வழக்கம்.

லைனரை ஒரே அச்சின் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், ஒரே தரத்தில் மாற்ற வேண்டும். எண்ணெய் குடித்த லைனரைப் பெட்ரோலில் கழுவி வெயிலில் காயவைத்து மாட்டுவது பல இடங்களில் நடக்கிறது. அது ஆபத்து. சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி மேலே வரும். அத்தகைய லைனரைத் தூக்கிப்போட்டு, எண்ணெய் வந்த சீலையும் மாற்றுவதே வழி. டிரம்மை லேத்தில் கடைசல் பிடிக்கலாம், ஆனால் அதிலேயே பொறித்திருக்கும் உச்ச விட்டத்தைத் தாண்டக் கூடாது. வெடிப்பு விட்ட டிரம் பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியது. பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால், டிரம்மைக் கழற்றியதும் ஏர் அடித்துத் தூசியைப் பறக்கவிடும் பழக்கத்தைப் பட்டறைகள் கைவிட வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் வேலை செய்யும் பையனின் நுரையீரல் தப்பும்.

பின் அச்சில் இருக்கும் ஸ்பிரிங் பிரேக் சேம்பரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் உள்ளே ஒரு டன்னை நெருங்கும் விசையோடு ஒரு ஸ்பிரிங் அழுத்திவைக்கப்பட்டிருக்கிறது. கிளாம்பைக் கழற்றி அதைத் திறப்பவர் உயிரையே இழக்கலாம். விடுவிக்கும் போல்ட்டைப் போட்டு ஸ்பிரிங்கைச் சுருக்கிப் பூட்டாமல் அச்சிலிருந்துகூட அதை இறக்கக் கூடாது. பின்பக்க ஸ்பிரிங் அறையைப் பிரித்து ரிப்பேர் செய்வதைவிடப் புதிதாக மாற்றிவிடுவதே சரி.

எந்த மேம்பாட்டுக்குச் செலவு செய்யலாம்

இருப்பதைச் சரிசெய்த பிறகு கையில் பணம் இருந்தால், முதலில் தானியங்கி ஸ்லாக் அட்ஜஸ்டர். லைனர் தேயத் தேய இது தானாகவே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். வாங்கும்போது கை நீளமும் கேம் ஷாஃப்ட்டின் பல் எண்ணிக்கையும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு அச்சுக்கு ஜோடியாகவே போட வேண்டும். போட்ட பிறகும் புஷ் ராடின் ஸ்ட்ரோக் கூடினால் சாவி வைத்து டைட் வைத்துவிட்டுப் போவது பெரிய தவறு. தானாகச் சரியாக வேண்டியது சரியாகவில்லை என்றால் கேம் புஷ் தேய்ந்திருக்கும், அல்லது அட்ஜஸ்டரே கெட்டிருக்கும். டைட் வைப்பது அந்த நோயை ஓரிரு நாள் மறைக்கும், அவ்வளவுதான். தானியங்கி இருக்கிறது என்ற தைரியத்தில் அளப்பதையும் நிறுத்தக் கூடாது.

இரண்டாவது, ஏர் டிரையர். இதில் இருக்கும் உலர்த்தும் பொருள் காற்றின் ஈரத்தை டேங்க்குக்கு முன்பே பிடித்துவிடும். உள்ளே இருக்கும் கேட்ரிட்ஜைக் குறித்த காலத்தில் மாற்றாவிட்டால் அதுவே அடைப்பாகிவிடும். கம்ப்ரஸர் ஆயில் தள்ளும் வண்டியில் இதைப் போடுவது வீண், கேட்ரிட்ஜ் சில வாரங்களில் பாழாகிவிடும்.

மூன்றாவது, எக்ஸாஸ்ட் பிரேக். புகைக்குழாயில் ஒரு தட்டு மூடி, வெளியேற முடியாத வாயு பிஸ்டனை எதிர்த்துத் தள்ள, இன்ஜினே வண்டியின் வேகத்தைப் பிடித்துவைக்கும். திம்பம் போல 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதைகளிலும் தொப்பூரிலும் ஓடும் வண்டிக்கு இதைவிடப் பயனுள்ள சாதனம் குறைவு. பல வண்டிகளில் இது கம்பெனியிலிருந்தே வந்திருக்கும். தட்டு கரி பிடித்து இறுகியதும் அதைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள். பிரித்துச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் மறுபடி வேலை செய்யும்.

ஏ.பி.எஸ். கனரக வாகனங்களுக்குக் கட்டாயமானது 2015இல். அதற்கு முந்தைய வண்டியில் சென்சார், வால்வு, வயரிங் எல்லாம் சேர்த்து அதைப் பொருத்துவதற்கு ஆகும் செலவுக்கு, மேலே சொன்ன மூன்றையும் செய்து நல்ல டயரும் போட்டுவிடலாம் என்பது இந்நூலின் கருத்து.

இந்தச் சாதனங்கள் எதுவும் நியூட்ரலில் இறக்கும் பழக்கத்தை ஈடுசெய்யாது. டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை நிறுத்தி இறக்கினால் கம்ப்ரஸர் ஓடாது, காற்று ஏறாது, பவர் ஸ்டியரிங் இறுகும், எக்ஸாஸ்ட் பிரேக்கும் வேலை செய்யாது. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கீழ் கியருக்கு மாற்றிவிட வேண்டும், நடுவில் மாற்ற முயன்றால் விழாமல் போகலாம். டீசல் கணக்கில் லிட்டருக்கு இவ்வளவு என்று டிரைவரை நெருக்கும் உரிமையாளர்களுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது.

பட்டை

பழைய லாரியை வாங்கியவர்கள் செய்யும் முதல் 'மேம்பாடு' எது என்று எந்த ஸ்பிரிங் பட்டறையில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: பின்னால் இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்ப்பது. இந்த அத்தியாயம் அழுத்திச் சொல்ல வருவதும் இதைப் பற்றித்தான். பட்டை சேர்த்தால் வண்டி அதிக பாரத்தைத் தாங்கும். ஆனால் அதே டிரம், அதே லைனர், அதே சேம்பர்தான் அந்தப் பாரத்தை நிறுத்த வேண்டும். பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழ்வதுதான் அளவு மீறியதற்கான கண்ணில் தெரியும் அடையாளம், கூடுதல் பட்டை அதையும் மறைத்துவிடுகிறது.

விளைவு பிரேக்கோடு நிற்பதில்லை. சம தடிமனும் நீளமும் உள்ள 10 பட்டையோடு 2 சேர்த்தால் விறைப்பு 20 சதவீதம் கூடும். தடிமனைக் கூட்டினால் இன்னும் வேகமாக ஏறும், ஏனென்றால் விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. 12 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 13 மில்லிமீட்டர் போட்டால் அந்தப் பட்டையின் விறைப்பு 27 சதவீதம் அதிகம். காலி வண்டியாகத் திரும்பும்போது பட்டை வளைந்துகொடுக்காது, ஒவ்வொரு குழியின் அதிர்ச்சியும் நேரே சேஸிஸுக்குப் போகும். குறுக்குச் சட்டங்களின் ரிவெட் தளர்வதும், பாடி வெல்டிங் விடுவதும், டிரைவருக்கு இடுப்புவலி வருவதும் இப்படித்தான்.

2018இல் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும், மூன்று அச்சு லாரிக்கு 25இலிருந்து 28.5 டன்னாகவும் ஆனது. சட்ட வரம்பு கூடியதால் பழைய வண்டியின் டிரம் பெரிதாகிவிடாது. ஆர்.சி. புத்தகத்தில் அந்த வண்டிக்கு எழுதியிருக்கும் எடையே அதன் அளவு. அந்தப் பதிவு விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 8 ஆண்டு தாண்டிய வண்டி ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டியது என்பதால், கணக்கில் வராத பட்டைகள் அங்கேயும் சிக்கலாகும்.

அப்படியானால் பட்டையில் என்ன செய்யலாம்? முதலில் சோதனை. பட்டைகளுக்கு நடுவே துருக்கோடு, ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருப்பது, ஓட்டும்போது வண்டி நேராக இருந்தும் ஸ்டியரிங் கோணலாக இருப்பது ஆகியவை கோளாறின் அறிகுறிகள். முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து பார்க்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் சென்டர் போல்ட் உடைந்து அச்சு நகர்ந்திருக்கலாம். சென்டர் போல்ட் உடைவதற்கு மூலகாரணம் பெரும்பாலும் தளர்ந்த யூ போல்ட்தான்.

உடைந்த பட்டையை வெல்டிங் வைப்பது கூடவே கூடாது. ஸ்பிரிங் எஃகின் பதம் வெல்டிங் சூட்டில் போய்விடும், அடுத்த உடைப்பு அந்த இடத்தின் ஓரத்திலேயே வரும். மாற்றும்போது இடம், வலம் இரண்டையும் ஒரே வளைவுள்ள பட்டைகளாக மாற்றினால் வண்டி சரியாமல் நிற்கும். ஒரு முறை முழுதாக முறுக்கிய யூ போல்ட் நீண்டிருக்கும் என்பதால் பட்டை இறக்கும்போதெல்லாம் புதியதே போட வேண்டும். நான்கு நட்டையும் குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாக, டார்க் சாவியால் கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். பாரத்தோடு 500 முதல் 1,000 கிலோமீட்டர் ஓடியதும் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து போல்ட் தளரும். அப்போது மறுபடி முறுக்குவதை விட்டுவிட்டால் செய்த வேலை எல்லாம் வீண்.

பாரபாலிக் பட்டை பற்றிப் பலர் கேட்கிறார்கள். நடுவில் தடித்து முனைகளில் மெலியும் இந்தப் பட்டைகள் எண்ணிக்கையில் குறைவு, ஒன்றோடொன்று உரசுவதும் குறைவு. அதனால் ஓட்டம் மென்மையாகவும் எடை குறைவாகவும் இருக்கும். பழைய அடுக்குப் பட்டையில் உரசலே ஆட்டத்தை அடக்கிவந்தது. பாரபாலிக்கில் அது இல்லாததால் நல்ல ஷாக் அப்ஸார்பர் கட்டாயம். அளவான பாரத்தோடு நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியின் முன் அச்சுக்கு, அந்த மாடலுக்கென்றே கம்பெனி தரும் பாரபாலிக் நல்ல தேர்வு. குவாரிக்குப் போகும் வண்டிக்கும், மண் ரோட்டில் நிற்கும் போர்வெல் ரிக் வண்டிக்கும் அடுக்குப் பட்டையே நிற்கும். பின்பக்கம் ஏர் சஸ்பென்ஷன் மாற்றுவது பழைய லாரிக்குப் பொருந்தாத செலவு.

பெரும்பாலான வண்டிகளுக்கு இதில் எதுவும் தேவைப்படாது. ஷேக்கிள் பின், புஷ், ஷாக் அப்ஸார்பர் இவை மூன்றையும் புதிதாகப் போட்டு, கிங் பின் ஆட்டத்தை எடுத்து, அலைன்மென்ட் பார்த்தாலே வண்டி வேறு வண்டியாக ஓடும்.

இவ்வளவு செலவையும் தொடங்குவதற்கு முன் ஒன்று பார்த்தாக வேண்டும். சேஸிஸ் சட்டத்தைக் கழுவி, பட்டைத் தாங்கிகள் ரிவெட் அடித்திருக்கும் இடங்களையும், கேபினுக்குப் பின்னால் பாடி தொடங்கும் இடத்தையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பெயிண்ட்டின் மேல் துருக்கோடு தெரிந்தால் அடியில் வெடிப்பு இருக்கும். ஒரே இடத்தில் சிறு வெடிப்பு என்றால் கம்பெனி முறைப்படி வலுவூட்டி ஓட்டலாம். இரண்டு சட்டத்திலும் பல இடங்களில் வெடித்து, மேலே மேலே தகடு வைத்து வெல்டிங் செய்திருக்கும் வண்டிக்குப் புது பிரேக்கும் புதுப் பட்டையும் போடுவது பணத்தை வீணாக்குவது. அந்த வண்டியைப் பாரம் ஏற்றாமல் உடைப்புக்கு அனுப்பிவிட வேண்டும்.